ரத்தம் எடுக்கும்போது கைச் சிரையில் என்ன நடக்கிறது?

ரத்தப் பரிசோதனை என்றால் எல்லோரும் ரிப்போர்ட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறதா என்பதுதான் பேச்சு. ஊசி குத்திய இடம் நினைவுக்கு வருவது மறுநாள் காலையில், அங்கே நீலமாகக் கன்றியிருப்பதைப் பார்க்கும்போது. உடனே பயம் பிடித்துக்கொள்கிறது. ஊசியைத் தப்பாகப் போட்டுவிட்டார்களோ, உள்ளே ரத்தம் உறைந்துவிட்டதோ, கை இப்படியே இருந்துவிடுமோ என்று மனம் எங்கெங்கோ போகிறது.

இந்தப் பயங்களில் பெரும்பாலானவை தேவையற்றவை. சில மட்டும் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை. எது எது என்று பிரித்துப் பார்க்க மருத்துவப் படிப்பு வேண்டாம். சிரை எப்படிப்பட்ட குழாய், முழங்கை மடிப்பில் அதற்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்தால் போதும். ரத்தம் எடுப்பதில் வரக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன. அவற்றில் அடிக்கடி வருவதைத் தடுப்பது பெரும்பாலும் ரத்தம் கொடுப்பவர் கையிலேயே இருக்கிறது. அதை அழுத்திச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். "நரம்பு கிடைக்கவில்லை", "நரம்பு மெலிசாக இருக்கிறது" என்று பேச்சில் சொல்வது சிரையைத்தான். உண்மையான நரம்பு வேறு. அது உணர்வையும் அசைவையும் கடத்துவது. நரம்பில் ஊசி படுவது தனி ஒரு சிக்கல் என்பதால், இங்கே சிரை என்றால் ரத்தக் குழாய், நரம்பு என்றால் நரம்பு என்றே வைத்துக்கொள்வோம்.

ஏன் சிரையிலிருந்து?

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் தமனி. உடலெங்கும் சுற்றிய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. தமனியில் அழுத்தம் அதிகம். ரத்த அழுத்தம் 120/80 என்று சொல்வது தமனியின் அழுத்தத்தைத்தான். கையை இதய மட்டத்தில் வைத்திருந்தால் முழங்கைச் சிரையில் அந்த அழுத்தம் பத்தையொட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். சுவரும் மெல்லியது. ஊசி சுலபமாக உள்ளே போகும். எடுத்த பிறகு லேசாக அழுத்தினாலே கசிவு நின்றுவிடும். போதாததற்குச் சிரைகள் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. அதனால்தான் வழக்கமான பரிசோதனைகளுக்கெல்லாம் சிரை ரத்தமே போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

தோல் வழியே சிரை நீலமாகத் தெரிவதால் அதற்குள் ஓடுவது நீல ரத்தம் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு, அவ்வளவே. தோலுக்குள் போகும் ஒளி எப்படிச் சிதறி, எந்த அளவுக்கு உறிஞ்சப்பட்டுத் திரும்புகிறது என்பதால் கண்ணுக்கு அது நீலமாகப் படுகிறது. டியூபில் ஏறும் ரத்தம் கறுப்பாக இருக்கிறதே என்று பதறுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நிம்மதி. சிரை ரத்தத்தின் இயல்பான நிறமே அதுதான்.

சிரைக்குள் ஆங்காங்கே சிறு வால்வுகள் இருக்கின்றன. ரத்தம் இதயத்தை நோக்கிப் போகலாம், பின்னால் திரும்பக் கூடாது என்பதற்காக. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628-ல் ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது, கட்டுப்போட்ட ஒரு கையின் சிரைகளைத்தான் சான்றாகக் காட்டினார். அதை நீங்களே செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, புடைத்த ஒரு சிரையை மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி நீவிவிட்டு அந்த விரலை எடுத்துவிடுங்கள். நீவிய பகுதி வெறுமையாகவே நிற்கும். மேலிருந்து ரத்தம் இறங்கி வராது. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் நிரம்பிவிடும். வால்வு இருக்கும் இடம் சிரையில் சிறு முடிச்சாகத் தெரியும். அனுபவமுள்ளவர்கள் அந்த முடிச்சின் மேல் ஊசி போட மாட்டார்கள். ஊசி முனை வால்வில் முட்டினால் வலிக்கும், ரத்தமும் ஒழுங்காக வராது.

முழங்கை மடிப்பில் யார் யார் அண்டை வீட்டார்

முழங்கையின் முன்பக்க மடிப்பில் பொதுவாக மூன்று சிரைகள் கைக்கு எட்டும். நடுவில் சாய்வாக ஓடுவது ஒன்று. கட்டைவிரல் பக்கமாக மேலே போவது ஒன்று. சுண்டுவிரல் பக்கமாக, அதாவது உடலை ஒட்டிய பக்கத்தில், இன்னொன்று. ஆளுக்கு ஆள் அமைப்பு கொஞ்சம் மாறும். ஒரே ஆளின் இரண்டு கைகளிலும்கூட ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை.

நடுச் சிரைக்குத்தான் முதலிடம். பெரும்பாலும் அது பருமனாக இருக்கும், அதிகம் நழுவாது, வலியும் குறைவு. இன்னொரு முக்கியமான காரணம், அதற்கும் அடியில் ஓடும் பெரிய தமனிக்கும் நடுவே உறுதியான ஒரு தசைநார்ப் படலம் குறுக்கே கிடக்கிறது. கட்டைவிரல் பக்கச் சிரை அடுத்த தேர்வு. சுண்டுவிரல் பக்கச் சிரை பல பேருக்கு நன்றாகப் புடைத்து நின்றாலும் கடைசியில்தான் வர வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் கைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும், விரல்கள் வரை போகும் பெரிய நரம்பும், தோலுக்கு உணர்வு தரும் ஒரு மெல்லிய நரம்பும் நெருக்கமாக இருக்கின்றன. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒரு சிரையைத் தேர்ந்தெடுக்க முடியாது. விரலால் தொட்டு, அழுத்தி, துடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். துடித்தால் அது தமனி.

மணிக்கட்டின் உட்புறத்தில் சிரைகள் தெளிவாகத் தெரிந்தாலும் அங்கே ரத்தம் எடுக்கக் கூடாது. நரம்புகளும் தசைநாண்களும் தோலுக்கு மிக அருகில் இருக்கும் இடம் அது. முழங்கையில் கிடைக்கவில்லை என்றால் புறங்கைக்குப் போவதே சரி.

அந்தச் சில நிமிடங்கள்

நாற்காலியில் உட்கார வைத்து, பெயர் கேட்டு, கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டுவார்கள். ஊசி போடும் இடத்துக்கு நாலைந்து விரற்கடை மேலே. இந்தக் கட்டு தமனியை அடைக்காது. சிரையை மட்டும் அழுத்தும். கைக்குள் ரத்தம் வந்துகொண்டிருக்கும், திரும்பிப் போக வழியில்லாமல் சிரை புடைக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே விடக் கூடாது என்பது விதி. நேரம் போகப் போக ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து வெளியே கசிந்து, மிச்ச ரத்தம் கெட்டியாகிவிடும். புரதம், கால்சியம் போன்றவற்றின் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். கையை மடக்கி மடக்கித் திறக்கச் சொல்வதும் இப்படித்தான். தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி முடிவைக் குழப்பும். ஒருமுறை லேசாக மூடி வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார்கள். துடைத்த இடம் தானாகக் காய வேண்டும், சுமார் அரை நிமிடம். ஈரத்தோடு குத்தினால் சுரீரென்று எரியும், கிருமியும் சரியாகச் சாகாது. ஸ்பிரிட் கலந்து சிவப்பணுக்கள் உடையவும் வாய்ப்பு உண்டு. துடைத்த இடத்தைத் திரும்ப விரலால் தொட்டுப் பார்ப்பதும், வாயால் ஊதுவதும் துடைத்த பலனையே இல்லாமல் ஆக்கிவிடும்.

பெரியவர்களுக்கு வழக்கமாகப் போடுவது 21 கேஜ் ஊசி. எண் கூடக் கூட ஊசி மெலிதாகும் என்பது பலருக்குத் தெரியாது. 21 என்றால் வெளிவிட்டம் சுமார் 0.8 மில்லிமீட்டர், 23 என்றால் 0.6-ஐ ஒட்டி வரும். ஊசியின் சரிவான வாய் மேல்நோக்கி இருக்க, தோலோடு 30 டிகிரிக்கு மிகாத சாய்வில் உள்ளே விடுவார்கள். நிமிர்த்திக் குத்தினால் சிரையின் மேல்சுவரைத் தாண்டி அடிச்சுவரையும் துளைத்துவிடும். இந்தச் சாய்வு முக்கியம். பின்னால் வரப்போகும் கன்றலுக்கு ஒரு காரணம் இங்கேயே தொடங்குகிறது.

டியூப்களின் மூடி ஏன் பல வண்ணம் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற பொருள் இருக்கும். ரத்த அணுக்களை எண்ண அது. இளநீல மூடியில் சிட்ரேட். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க. அதில் குறியிட்ட கோடு வரை நிரப்பாவிட்டால் முடிவு தவறாகிவிடும். சாம்பல் மூடியில் இருப்பது, எடுத்த ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அணுக்கள் தின்றுவிடாமல் தடுப்பதற்கான பொருள். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, ரத்தத்தை உறையவிட்டு மேலே தேங்கும் சீரத்தை எடுப்பதற்கு. எந்த டியூபை முதலில், எதைப் பிறகு என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. ஊதா டியூபின் மருந்து சீரம் டியூபில் ஒரு துளி கலந்தாலும் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும்.

நாலைந்து டியூபைப் பார்த்ததும் உடம்பு ரத்தமெல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எல்லாம் சேர்த்து 20 மில்லி லிட்டர் எடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அரை சதவீதம்கூட இல்லை. தீவிர சிகிச்சையில் பல நாள் படுத்திருந்து தினமும் பலமுறை ரத்தம் கொடுப்பவர்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும்தான் இந்த அளவு ஒரு கணக்காக ஆகிறது.

"கிடைக்கவில்லை" என்று சொல்லும்போது

சிரை அகப்படாததற்குப் பல காரணங்கள். உடலில் நீர் குறைந்திருக்கலாம். குளிரில் அல்லது பயத்தில் சிரை சுருங்கியிருக்கலாம். தோலுக்கடியில் கொழுப்பு அதிகம் இருந்தால் சிரை ஆழத்தில் போய்விடும். வயதானவர்களுக்குச் சிரையைப் பிடித்து வைத்திருக்கும் திசு தளர்ந்து, ஊசி நெருங்கினால் பக்கவாட்டில் நழுவும். தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு குத்துவது அதற்காகத்தான்.

ஊசி உள்ளே போன பிறகும் ரத்தம் நின்றுபோகலாம். ஊசியின் வாய் சிரையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ஊசி சற்றே ஆழமாகப் போயிருக்கலாம். மெல்லிய சிரையில் டியூபின் வெற்றிடம் பலமாக இழுத்தாலோ, சிரிஞ்சை அவசரமாக இழுத்தாலோ, மெலிந்த உறிஞ்சுகுழலை வேகமாக உறிஞ்சும்போது அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்வது போல, சிரை உள்வாங்கி மூடிக்கொள்ளும். மெதுவாக இழுப்பதும், சிறிய டியூபுக்கு மாறுவதும் இதற்கு வழி.

நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தாலும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லாதவரை தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். பலர் தண்ணீரையும் விட்டுவிட்டு வறண்டுபோய் வருகிறார்கள், பிறகு இரண்டு கையிலும் குத்து வாங்குகிறார்கள். கையைச் சில நிமிடம் தொங்கவிடுங்கள். வெதுவெதுப்பான துணியைச் சுற்றி வைத்தால் சிரை விரியும். முன்பு எந்தக் கையில், எந்த இடத்தில் சுலபமாகக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுக்கொள்ளாத ஊழியர் தன் வேலையைத்தான் கடினமாக்கிக்கொள்கிறார்.

ஒருவரே இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் இன்னொருவரை அழைப்பது நல்ல வழக்கம். அப்படி அழைக்கச் சொல்வதில் தவறே இல்லை. தோலுக்குள் ஊசியை வைத்துக்கொண்டே இடமும் வலமுமாகத் துழாவுவதைத்தான் ஏற்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிச் சிரையின் தடத்தைத் தோல்மேல் காட்டும் கருவிகள் வந்திருக்கின்றன. ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சுவதால் சிரை இருண்ட கோடாகத் தெரியும். ஆழத்தில் இருக்கும் சிரைக்கு அல்ட்ராசவுண்ட் உதவும்.

கன்றிப்போதலும் ரத்தக்கட்டும்

இனிதான் எல்லோருக்கும் வேண்டிய பகுதி. ரத்தம் எடுத்த பிறகு வரும் சிக்கல்களில் மிகச் சாதாரணமானது இது. சிரையில் ஒரு துளை விழுந்திருக்கிறது. அது அடைபடும் வரை ரத்தம் கசியத்தான் பார்க்கும். வெளியே வர வழியில்லாதபோது தோலுக்கடியில் பரவுகிறது. கொஞ்சமாகப் பரவினால் கன்றல். கூடுதலாகத் தேங்கி வீங்கினால் ரத்தக்கட்டு.

துளை எப்படி அடைபடுகிறது? ஊசி வெளியே வந்ததும் தட்டணுக்கள் ஓடிவந்து துளையின் ஓரத்தில் ஒட்டி ஒரு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. பிறகு ஃபைப்ரின் என்ற இழைகள் அதன்மேல் வலையாகப் பின்னி அதை உறுதியாக்குகின்றன. இதற்குச் சில நிமிடம் வேண்டும். அந்தச் சில நிமிடத்தில் துளையை மூடி வைப்பது வெளியிலிருந்து நாம் கொடுக்கும் அழுத்தம்தான்.

இங்கேதான் உலகெங்கும் ஒரு தவறான பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பஞ்சை வைத்ததும் முழங்கையை மடக்கிக்கொள்வது. சில இடங்களில் ஊழியர்களே மடக்கச் சொல்கிறார்கள். மடக்கினால் அழுத்தம் துளையின் மேல் நேராக விழுவதில்லை. சிரையும் தோலும் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து, தோலில் உள்ள துளை ஒரு பக்கம், சிரையில் உள்ள துளை ஒரு பக்கம் என்று ஆகிவிடும். வெளியே ஒரு சொட்டும் வராது, உள்ளே கசிந்துகொண்டிருக்கும். பிறகு கையை நிமிர்த்தும்போது அப்போதுதான் உருவான அடைப்பும் பிய்ந்துவிடும்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? கையை நேராக நீட்டுங்கள். மறு கையின் இரண்டு விரலால் பஞ்சின் மேல் உறுதியாக அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு விரலை எடுத்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். முடிந்தால் கையை இதய மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை அழுத்த வேண்டும், அதை ஊழியரிடம் முன்பே சொல்லிவிடவும் வேண்டும். ஆனால் பரிசோதனைக்காக அந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கன்றலைவிட அதை நிறுத்துவதால் வரும் ஆபத்து பல மடங்கு பெரிது. பிளாஸ்டர் ஒட்டுவது கசிவு நின்றதைப் பார்த்த பிறகு; அழுத்துவதற்கு மாற்றாக அல்ல. அன்றைக்குச் சில மணி நேரம் அந்தக் கையால் கனமான பையைத் தூக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஊழியர் தரப்பிலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, முன்பு சொன்னபடி ஊசி சிரையின் அடிச்சுவரையும் துளைப்பது. இன்னொன்று, ரப்பர் பட்டையை அவிழ்க்காமலே ஊசியை உருவுவது. பட்டை இருக்கும்போது சிரைக்குள் அழுத்தம் கூடியிருக்கும். துளை வழியாக ரத்தம் பீறிடும். பட்டையை அவிழ்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். ஊசி உள்ளே இருக்கும்போதே அந்த இடம் உப்பிக்கொண்டு வந்தால், உடனே பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, அழுத்திப் பிடிக்க வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடர்வது சரியல்ல.

கன்றிய இடத்தின் நிறம் மாறுவதைப் பார்த்துப் பலர் மேலும் பயப்படுகிறார்கள். ஆறுவதன் அடையாளமே அதுதான். தோலுக்கடியில் தேங்கிய ஹீமோகுளோபினை உடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. சிவப்பும் நீலமும் கலந்திருந்தது பச்சையாகும். அது பிலிவெர்டின் என்ற நிறமி. பிறகு மஞ்சளாகும், அது பிலிருபின், மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பொருள்தான். சுமார் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். கன்றல் முதல் நாள் முழங்கையில் இருந்து, மூன்றாம் நாள் முன்னங்கை வரை இறங்கியிருந்தாலும் புதிதாக ரத்தம் கசிகிறது என்று பொருளல்ல. புவியீர்ப்பால் கீழே வடிந்திருக்கிறது. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு வைக்கலாம். ஓரிரு நாள் கழித்து வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, விரல் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மயக்கம்

ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றுவது கோழைத்தனம் அல்ல. உடலின் ஓர் அனிச்சைச் செயல் அது. வேகஸ் என்ற நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறைகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மூளைக்குப் போகும் ரத்தம் சில விநாடிகளுக்குக் குறைகிறது. வியர்வை, குமட்டல், காது அடைப்பது, கண் இருள்வது ஆகியவை முன்னறிவிப்புகள். இவற்றை உணர்ந்ததும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சீக்கிரம் தெளிந்துவிடும். மயங்கியவருக்குச் சில விநாடி கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. அதை மட்டும் வைத்து வலிப்பு நோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மயக்கத்தால் வரும் உண்மையான ஆபத்து கீழே விழுவதுதான். அதனால் முன்பு எப்போதாவது மயங்கியவர்கள் படுத்துக்கொண்டே ரத்தம் கொடுக்கக் கேட்க வேண்டும், எழுந்ததும் உடனே நடக்கக் கூடாது. ஊசி என்றாலே ரத்த அழுத்தம் இறங்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு பயிற்சி உதவுகிறது. தொடை, வயிறு, மறு கை ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, பிறகு அரை நிமிடம் தளர்த்தி, இப்படி ஐந்து முறை. இறுக்கும்போது ரத்த அழுத்தம் சற்று ஏறி மயக்கத்தைத் தள்ளிப்போடும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிடுங்கள்.

நரம்பில் பட்டால்

ஊசி குத்தும் வலி எல்லோருக்கும் தெரியும், சுருக்கென்று வந்து அடங்கிவிடும். நரம்பில் பட்டால் வரும் வலி வேறு. மின்சாரம் பாய்ந்ததுபோல் முன்னங்கையிலோ விரல் நுனி வரையிலோ பாயும். இது அபூர்வம். ஆனால் வந்தால் நொடி நேரமும் பொறுத்துக்கொள்ளக் கூடாத வலி இது ஒன்றுதான். "ஷாக் அடிக்கிறது, எடுங்கள்" என்று சொல்ல வேண்டும். ரத்தம் எடுப்பவரும் அந்தக் கணமே ஊசியை எடுத்துவிட வேண்டும். இன்னும் அரை டியூப்தான் பாக்கி என்று தொடர்வது மன்னிக்க முடியாத அலட்சியம். ஊசி வெளியே வந்துவிட்டால் பெரும்பாலான நரம்புக் காயங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக ஆறிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். மிக அரிதாகவே வலி நிலைத்துவிடுகிறது.

நரம்பில் ஊசி படாமலே நரம்பு பாதிக்கப்படவும் கூடும். பெரிய ரத்தக்கட்டு பக்கத்து நரம்பை அழுத்தினால் சில மணி நேரம் கழித்து மரத்துப்போவதும் குறுகுறுப்பும் தொடங்கலாம். கன்றல் விஷயத்தில் இவ்வளவு நேரம் செலவழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மரமரப்பு ஓரிரு நாளில் குறையவில்லை, விரலில் பலம் குறைகிறது, பொருளைப் பிடிக்க முடியவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தவறி ஊசி தமனிக்குள் போவதும் உண்டு. ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, துடித்துத் துடித்து வரும். ஊசியை எடுத்துவிட்டுக் குறைந்தது ஐந்து நிமிடம், தேவைப்பட்டால் பத்து நிமிடம், அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டால் பெரிய ரத்தக்கட்டாகிவிடும்.

சிரை கெட்டியாகிப் போனால்

ரத்தம் எடுத்து ஓரிரு நாள் கழித்துச் சிரையின் போக்கிலேயே சிவந்து, சூடாகி, தொட்டால் கயிறாக நெருடி வலிப்பது உண்டு. சிரைச் சுவரின் அழற்சி இது; உள்ளே ரத்தமும் கொஞ்சம் உறைந்திருக்கும். ஒருமுறை குத்தி ஒரு நிமிடத்தில் எடுத்துவிடும் ஊசியால் இது வருவது குறைவு. மருந்து ஏற்றுவதற்காக நாள்கணக்கில் சிரைக்குள்ளேயே விட்டுவைக்கும் கேனுலாதான் வழக்கமான காரணம். குழாயின் உராய்வு, எரிச்சலூட்டும் மருந்து, கிருமி ஆகியவை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. சுவரில் காயம், ஓட்டத்தில் தேக்கம், ரத்தம் உறையும் போக்கு ஆகிய மூன்றும்தான் குழாய்க்குள் ரத்தம் உறையக் காரணங்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோவின் பெயரால் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். கேனுலா போட்ட இடத்தில் வலியோ சிவப்போ தொடங்கினால் உடனே நர்ஸிடம் சொல்வது அதனால்தான் அவசியம்.

தோலுக்கடியில் உள்ள சிரையில் வரும் இந்த அழற்சி பெரும்பாலும் வெதுவெதுப்பான ஒத்தடம், கையை உயர்த்தி வைப்பது, மருத்துவர் சொல்லும் வலி மாத்திரை ஆகியவற்றோடு அடங்கிவிடும். வலி போன பிறகும் கெட்டித்தன்மை சில வாரமோ அதற்கு மேலுமோ இருக்கலாம். அதை அழுத்தித் தேய்த்துக் கரைக்க முயல வேண்டாம்.

ஆழத்தில் உள்ள சிரையில் ரத்தம் உறைவது வேறு விஷயம். அது ஒரு கோட்டில் வலிக்காது. முழுக் கையும் வீங்கும், கனக்கும், நிறம் மாறும். தோளிலும் மார்பிலும் சிரைகள் புடைத்துத் தெரியலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஊசி குத்திய இடத்தில் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் கிருமித் தொற்று. சுத்தமாகச் செய்த இடத்தில் இது மிக அரிது.

சில கைகளை விட்டுவிட வேண்டும்

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் சிரையின் சுவர் தழும்பேறித் தடித்துப்போகும். நல்ல சிரை விரலுக்கடியில் மெத்தென்று அழுங்கி எழும்பும். தழும்பேறியது அழுங்காது, அதில் ஊசி போட்டாலும் ரத்தம் சரியாக வராது. அடிக்கடி பரிசோதனை செய்பவர்கள் கையையும் இடத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்துலா செய்த கையில் வழக்கமான பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கவே கூடாது. ரத்த அழுத்தம் பார்க்கவும் கூடாது. அந்த இணைப்பு கெட்டால் டயாலிசிஸுக்கு உரிய வழியே அடைபடும். இன்னும் டயாலிசிஸ் தொடங்காத, ஆனால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழந்து வரும் நோயாளிகளும் முன்னங்கைச் சிரைகளைக் காப்பாற்றி வைக்க வேண்டும். நாளை ஃபிஸ்துலா செய்ய அவை தேவைப்படும். முடிந்தவரை புறங்கையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கையைத் தவிர்ப்பது வழக்கம். கட்டாயம் ஏற்பட்டால் சிகிச்சை அளித்த மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்வார்கள். டிரிப்ஸ் ஏறும் கையில் எடுத்தால் ரத்தத்தோடு குளுக்கோஸோ உப்புநீரோ கலந்து வந்து சர்க்கரையும் சோடியமும் தாறுமாறாகத் தெரியும். மறு கையைக் கொடுக்க வேண்டும்.

மருத்துவமனையில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆள் மாறுவார்கள், புதிதாக வருபவருக்கு உங்கள் கையின் கதை தெரியாது. ஃபிஸ்துலா இருக்கிறது, கணு அகற்றியிருக்கிறார்கள், உறைதலைக் குறைக்கும் மருந்து எடுக்கிறேன், ரப்பரோ பிளாஸ்டரோ ஒத்துக்கொள்ளாது, முன்பு மயங்கியிருக்கிறேன் என்பதையெல்லாம் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால் கூட இருப்பவர் சொல்ல வேண்டும்.